பிள்ளைக் காம்பராவுக்கு வராத மிஸ்கோல்

தம்பி,

கொழும்பில் போய் இறங்கியதும் "சேர்ந்துட்டேம்மா" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதற்கு நான் பதில் போடவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கலாம். எனக்கு இருக்கிற கோபத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீயும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை மூடி ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்கு சேர்வர் பார்க்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் படிக்கட்டும். உன் பெயரை மட்டும் எழுதவில்லை.

படிக்கிறவர்களுக்காக விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பதுளை டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். கொஸ்லந்தவுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் எங்கள் மழைமானிகள் நிற்கின்றன. எவ்வளவு மழை பெய்கிறது என்று அவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கள் சேர்வருக்குச் சொல்லும். அது லினக்ஸில் ஓடுகிற பழைய பெட்டி. மழை எல்லை தாண்டினால், நான் எழுதி வைத்திருக்கும் நிரல், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்தந்த லயத்தில் ஒருவருடைய போனுக்கு இரண்டு தடவை அடித்து நிறுத்தும். யாரும் எடுக்க வேண்டாம், பேச வேண்டாம். இரண்டு மிஸ்கோல் வந்தால் மண் சரியும் முன் எல்லோரும் மேட்டில் இருக்கும் ஸ்கூலுக்கு ஏறிவிட வேண்டும் என்று பேச்சு. முதலில் எஸ்எம்எஸ்தான் அனுப்பினோம். அது சிங்களத்திலும் இங்கிலீஷிலும் போய்ச் சேர்ந்தது, தமிழில் போனால் பாதி போன்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மிஸ்கோல் கொடுத்துக் காரியம் பார்ப்பது நம் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பஸ் ஏறிவிட்டேன் என்றால் ஒன்று, இறங்கிவிட்டேன் என்றால் ஒன்று. அந்தப் பழக்கத்தையே எடுத்து அலாரமாக வைத்தேன். அலுவலகத்தில் சிரித்தார்கள். ஆனால் வேலை செய்தது.

ஒரு தோட்டத்தில் அந்த போன் செல்வியிடம் இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவள்தான் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அங்கே சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு ஜன்னலில்தான். அந்த ஜன்னல் கட்டையில் போனை வைத்துவிட்டு, பால் கரைப்பதும் தொட்டில் ஆட்டுவதும் அதைப் பார்த்துக்கொண்டேதான். நான் அங்கே போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். குழந்தை அழுதால்கூட ஒரு கண் ஜன்னலில் இருக்கும்.

எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, சேர்வரை உன்னிடம் கொடுத்தேன். நீ படித்து முடித்துவிட்டு, கொழும்பு வேலையில் சேரும் நாளுக்காக ஹாலிஎல வீட்டில் சும்மா இருந்தாய். மேலதிகாரியிடம் நானே போய்ப் பேசி, உனக்குக் கணக்குத் திறந்து கொடுத்தேன். சேர்வர் ஏதாவது குறை சொன்னால் அந்த மெயில் உன் போனுக்கு வரும்படி வைத்தோம். கொழும்புக்குப் போன பிறகும், நான் மறுபடி திரையைப் பார்க்கும் வரை நீயே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாய். "இதெல்லாம் ஒரு வேலையாம்மா, படுத்துக்கிட்டே பாப்பேன்" என்றாய். படுத்துத்தான் விட்டாய்.

நீ கொழும்புக்குப் போன இரண்டாம் நாள் மத்தியானம் அந்த மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தாய்மாரெல்லாம் மலையில். செல்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போன் அடிக்கவில்லை. அடிக்காததால், எல்லை தாண்டவில்லை என்று நம்பியிருக்கிறாள். நாம்தானே அப்படி நம்பச் சொன்னோம்? பின்பக்கத்து மண்திட்டிலிருந்து கலங்கல் தண்ணீர் சுவரோரமாக வந்த பிறகுதான் அவள் பிள்ளைகளை எழுப்பியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றதுகளைச் சேலை முந்தானையைப் பிடிக்கச் சொல்லி, கத்திக்கொண்டே ஸ்கூலுக்கு ஏறியிருக்கிறாள். அவர்கள் ஸ்கூல் வாசலைத் தொடுவதற்குள் மண் இறங்கிவிட்டது. தொட்டில் கட்டியிருந்த அறைக்குள் ஜன்னல் மட்டத்துக்கு மண். நான் போய்ப் பார்த்தேன். தொட்டில் சேலைகளின் முடிச்சு மட்டும்தான் மேலே தெரிந்தது.

இதற்கு நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. விடுங்க." அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா? செல்விக்கு ஆகியிருக்கிறது. எங்கள் மேலதிகாரி தோட்டத்துக்குப் போய், பெரட்டுக் களத்தில் வேலைக்குக் கூடியிருந்த சனத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சு. பச்சை லைட்டு எரிஞ்சுது. அப்ப கோல் போயிருக்கும். இந்தப் பொம்பளதான் தூங்கிருக்கு." அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், தம்பி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தோட்டத்தில் ஒரு தப்பு நடந்தால் கடைசியில் நிற்கிற பொம்பளையின் தலையில் கட்டுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வழக்கம். அதை நம் ஆளே, டை கட்டிக்கொண்டு வந்து செய்கிறார்.

இப்போது தாய்மார் அவளிடம் பிள்ளையை விடப் பயப்படுகிறார்கள். ஒரு பெண் அவள் முகத்துக்கு நேரே, "ஒங்கிட்ட விட்டுட்டு நான் எப்புடி நிம்மதியா மலைக்குப் போவேன்?" என்று கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பதுளையில் விசாரணை. அவள் தூங்கினாள் என்று முடிவானால் பிள்ளைக் காம்பரா வேலை போய்விடும். அவள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, போன் அடிச்சிச்சாமே?" என்றாள்.

"நீ சொல்லு செல்வி."

"அடிக்கல அக்கா. என் புள்ளைங்க மேல சத்தியமா அடிக்கல. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை கண்ணசந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அவளுக்கே அவள் மேல் சந்தேகம் வரும்படி செய்துவிட்டார்கள். டாக்டர் கிடக்கிறார் என்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்துக்குப் போனேன். அங்கே நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேள். நாளைக்கு உன் கொழும்பு சேர்வரும் ஒரு நாள் படுக்கும். அப்போது எதையும் தொடுவதற்கு முன் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் `uptime`. பெட்டி விழுந்து எழுந்ததா, விடாமல் ஓடியதா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். விடாமல் ஓடியிருந்தது. மேலதிகாரி சொன்ன பச்சை லைட்டு பொய்யில்லை. மனிதர் மூச்சு விடுகிறார் என்பதால் வேலை செய்கிறார் என்று அர்த்தமா? அடுத்தது `df -h`. எந்த டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும். மழைக் கணக்கு எழுதுகிற `/data` நூறு சதவீதம் நிரம்பிக் கிடந்தது. எது அடைத்திருக்கிறது என்று பார்க்க `sudo du -sh /data/* | sort -h`. பெரியது கடைசியில் வந்து நிற்கும். அங்கேதான் ஆச்சரியம். உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டினால் டிஸ்கில் கால்வாசிகூட வரவில்லை. நிரம்பியும் இருக்கிறது, ஒன்றும் இல்லாமலும் இருக்கிறது.

இப்படி `df` ஒன்று சொல்லி `du` வேறொன்று சொன்னால், யாரோ ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையிலிருந்த கோப்பை அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. பெயர் போய்விடும், இடம் போகாது. அந்த நிரல் கோப்பைக் கைவிடும்வரை டிஸ்க் விடுபடாது. `sudo lsof +L1` என்று கேட்டால் அப்படிப் பெயரில்லாமல் கிடப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். காட்டியது. ஒரு மழைமானியின் வயர் கழன்று, அதைப் பற்றிய குறையையே திரும்பத் திரும்ப எழுதி எழுதி ஒரு பதிவுக் கோப்பு பூதமாக வளர்ந்திருக்கிறது. அதை யாரோ `rm` போட்டு அழித்திருக்கிறார்கள். யார் என்று `sudo grep COMMAND /var/log/auth.log` சொல்லியது. நேரமும் உன் பயனர் பெயரும் நீ அடித்த கட்டளையும் ஒரே வரியில் இருந்தன. தம்பி, அந்தத் திரைக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அழித்ததற்காக நான் உன்னைத் திட்டவில்லை. அது தெரியாமல் செய்தது. ஓடும் கோப்பை அழிக்காமல் `truncate -s 0` கொண்டு காலி செய், அல்லது அழித்த கையோடு அந்த நிரலை `systemctl restart` செய், செய்துவிட்டு மறுபடியும் `df -h` போட்டு இடம் வந்ததா என்று பார். வைத்தியம் செய்தவன் நோயாளியைத் திரும்பிப் பார்க்காமல் போகலாமா? நீ போனாய். அதையும் விடுகிறேன். அதற்கு அடுத்த வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த நிரல் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்ற பட்டியலை `sudo crontab -e` என்று திறந்திருக்கிறாய். என் மழை நிரல் ஓடும் வரியின் கடைசியில் ஒரு வால் ஒட்டியிருக்கிறாய்: `>/dev/null 2>&1`.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நிரல் என்ன சொன்னாலும், எவ்வளவு கத்தினாலும், அதையெல்லாம் யாருக்கும் கேட்காத பள்ளத்தில் கொட்டு என்பதுதான் அந்த வாலுக்கு அர்த்தம். மழைக் கணக்கை எழுத இடமில்லாவிட்டால் அந்த இடத்திலேயே நின்று கூச்சல் போடும்படிதான் நான் அந்த நிரலை எழுதியிருந்தேன். அது கூச்சல் போட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இடமில்லை, இடமில்லை, என்னால் முடியவில்லை என்று உனக்கு மெயில் போட்டது. நீ அதன் வாயைக் கட்டிவிட்டு உன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். கேட்டதற்கு, "அது வெறும் இரைச்சல்ம்மா, ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்திச்சு" என்கிறாய். ஏன்டா, ஒரே குறையை ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொன்னால் அவருக்கு வேறு வேலையில்லை என்றா அர்த்தம்? அந்தக் குறை இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

இரைச்சல் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? நீ என் வயிற்றில் இருந்தபோது நாம் கொஸ்லந்தவில் லயத்தில் இருந்தோம். பின்னால் ஓடும் வடிகால் கான் அடைத்து, மழை பெய்தால் தண்ணீர் அடுப்படிக்குள் வரும். உன் அப்பா தோட்டத்து ஒப்பீஸுக்குப் போய்ப் போய்ச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் "பாப்போம், பாப்போம்" என்றார்கள். கடைசியில் கிளாக்கர், "நீ ஒரு ரோதனை, ஒரே பாட்டையே பாடுற, போய் வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டார். உன் அப்பா திரும்பி வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் அவருமாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கானை வெட்டினோம். நீ அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். கிளாக்கரைத் திட்டும்போதெல்லாம் என்னோடு சேர்ந்து திட்டியவன். இன்றைக்கு நீ அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததும், உனக்கும் அதே காது வந்துவிட்டதே. எனக்கு வயிறு எரிகிறது, தம்பி. படிக்க வைத்தது இதற்கா?

மெயில் தொந்தரவாக இருந்தால் செய்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. நல்ல செய்தியை மட்டும் கொட்டிவிடு, கெட்ட செய்தியைக் கொட்டாதே. `>/dev/null` என்று மட்டும் எழுதினால் சாதாரணப் பேச்சு போய்விடும், பிழை மட்டும் வந்து சேரும். அந்த `2>&1`-ஐ ஒட்டும் முன் கையை ஒரு தரம் உதறிக்கொள். இல்லையென்றால் பிழையை ஒரு கோப்பில் `2>>` என்று சேர்த்துவிட்டு, காலையில் தேநீரோடு `tail` போட்டு அதன் கடைசி வரிகளைப் பார். `crontab -e` திறப்பதற்கு முன் `sudo crontab -l > ~/cron.pazhasu` என்று பழசை எடுத்து வை. `e`-க்குப் பக்கத்திலேயே `r` இருக்கிறது, கை தவறினால் கேள்வியே கேட்காமல் முழுவதையும் துடைத்துவிடும். எதையாவது `rm` செய்ய வேண்டுமென்றால் முதலில் அதே பெயரை `ls`-க்குக் கொடுத்துப் பார், அது எதையெல்லாம் காட்டுகிறதோ அவ்வளவும் போகப் போகிறது. தூரத்திலிருந்து ssh வழியாக வேலை செய்தால் முதலில் `tmux` திற, இணைப்பு அறுந்தாலும் அதற்குள் வேலை ஓடிக்கொண்டிருக்கும். பெரகல மூடுபனியில் சிக்னல் அறுவது போல கொழும்பிலும் அறும், பாதியில் நின்ற வேலை முழுசாகக் கெட்டதைவிட மோசம். இணையத்தில் பார்த்த வரியை அப்படியே ஒட்டாதே, `man` என்று கையேட்டைத் திறந்து ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு ஒட்டு. ஸ்கூல் போகிற காலத்தில் அலாரம் அடிக்கிறது என்று கடிகாரத்தைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் தூங்கின பிள்ளை நீ. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதே இரண்டு போட்டிருக்க வேண்டும்.

மேலதிகாரியிடம் இதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உடனே, "அப்ப கோல் போனத எழுதவும் டிஸ்க்குல இடமில்லாம இருந்திருக்கும். எழுதலன்னா போகலன்னு அர்த்தமா?" என்றார். கெட்டிக்காரர். நான் `journalctl -u azhaippu --since "10 days ago"` என்று போட்டேன். மோடம் யாரை எப்போது அழைத்தது என்று சிஸ்டம் தன் பங்குக்கு வேறு டிஸ்கில் குறித்து வைத்திருக்கிறது. முன்னால் பெய்த மழைகளுக்கு அழைத்தது எல்லாம் அதில் இருந்தது. அந்த மத்தியானத்துக்கு ஒன்றுமே இல்லை. மோடம் வாயே திறக்கவில்லை. அவர் அந்தத் திரையை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கி, "தொழில்நுட்பக் கோளாறும் அந்தப் பொம்பளையோட கவனக்குறைவும்னு ரெண்டையும் போட்டு முடிச்சிருவோம். ஒங்க மகனும் இப்பத்தான் வேலைக்குப் போயிருக்காரு, பாருங்க" என்றார். எனக்கு நன்மை செய்கிறாராம். உன் பெயரைக் காப்பாற்றுகிறாராம். செல்வியின் பெயரை எடுத்து உன் பெயருக்கு மேலே போர்த்தப் பார்க்கிறார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் உன் அம்மா என்பதால் ஒரு நிமிடம் யோசிப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யோசித்தேன்தான். ஹாலிஎலயில் இறங்கும்போது அந்த யோசனையை இறக்கி வைத்துவிட்டேன். நீ வேலையை இழந்தால் வேறு வேலை தேடிக்கொள்வாய், உனக்குப் படிப்பு இருக்கிறது, வயது இருக்கிறது. செல்வி பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரோடு அந்த லயத்தில் எப்படித் தண்ணீர் பிடிக்கப் போவாள்?

நிரலைத் திருத்திவிட்டேன். உன் வாலை வெட்டிவிட்டேன். கணக்கு எழுத முடியாவிட்டாலும் மழை எல்லை தாண்டினால் கோல் போகும். நிரலே படுத்துவிட்டால் என் போன் அடிக்கும். வரியின் கடைசியில் `||` என்று இரண்டு கோடு போட்டு என்னை அழைக்கும் கட்டளையை வைத்திருக்கிறேன். முதல் கட்டளை தோற்றால் மட்டும்தான் இரண்டாவது ஓடும், அதையும் தெரிந்துகொள். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லா லயத்துக்கும் ஒரே ஒரு மிஸ்கோல் போகிறது. மிஷின் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். அது வராவிட்டால் அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். மண்ணை அள்ளி முடியும்வரை பிள்ளைகள் ஸ்கூலில் ஒரு வகுப்பில் இருக்கிறார்கள். செல்வி அங்கேயும் ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். பாதித் தொட்டில்தான் கட்டியிருக்கிறது. மீதிப் பிள்ளைகளைத் தாய்மார் கொண்டுவரவில்லை.

விசாரணைக்கு நான் போகிறேன். லெப்டொப்பைக் கொண்டுபோகிறேன். சுவரில் பெரிதாகத் தெரியும்படி திரையைப் போட்டு, `df`, `lsof`, `grep`, `journalctl` என்று நான் மேலே எழுதிய அத்தனையையும் ஒவ்வொன்றாக எல்லோருக்கும் முன்னால் ஓட்டுவேன். தோட்டத்திலிருந்து வருகிற தாய்மாருக்குத் தமிழில் விளங்கப்படுத்துவேன். உன் பெயர் அந்தச் சுவரில் வரும். அதை வாசிப்பதும் நானாகத்தான் இருக்கும். எனக்கு அதைச் செய்யப் பிடிக்கவில்லை, ஆனால் செய்வேன். நீ வந்தால் எனக்கு அந்தக் கட்டளைகளில் ஒன்றுகூட வேண்டாம். நீ எழுந்து நின்று, போன் அடிக்கவில்லை, நான்தான் அடிக்கவிடாமல் செய்தேன் என்று சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. செல்வி விடியுமுன் கொஸ்லந்தவில் பஸ் ஏறி, பெரகலயில் மாறி வருவாள். அவள் உள்ளே வரும்போது நீ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா